அதிவேக எந்திர உறுப்புகளின் வடிவமைப்பும் பொருள் தெரிவும்: பிஸ்டன், இணைப்புத் தண்டு, வால்வு ஆகியவற்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உயர்திறன் உள்ளெரி எந்திரங்களின் இயங்கு உறுப்புகளுக்கு எப்பொருளைத் தெரிவு செய்வது என்னும் வினாவுக்கு, ‘எடை குறைந்த, வலிமை மிகுந்த பொருள்’ என்பதே பொதுவாகத் தரப்படும் விடையாகும். இவ்விடை முழுமையற்றது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எஃகு, டைட்டானியம், அலுமினியம் ஆகிய மூன்றும் அடர்த்தியில் பெரிதும் வேறுபட்டாலும் அடர்த்திக்கும் விறைப்புக்கும் உள்ள விகிதத்தில் ஏறத்தாழ ஒன்றாகவே நிற்கின்றன. எனவே ஓர் உறுப்பு எவ்வகைச் சுமையை, எவ்வெப்பநிலையில், எத்தனை சுழற்சிகளுக்குத் தாங்க வேண்டும் என்பதும், அதன் வடிவமுமே பொருளைத் தீர்மானிக்கின்றன. ஹோண்டா நிறுவனத்தின் இரு எந்திரங்களும் ஃபார்முலா 1 பந்தய எந்திரங்களும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நிலைம விசை, ஒப்பு விறைப்பு, களைப்பு முறிவு, டைட்டானியம், பெரிலியம், முன்னிறுக்கம், சோடிய வால்வு

முன்னுரை

எந்திரவியலைத் தமிழில் எழுதுவோர் முதலில் எதிர்கொள்வது சொல் சிக்கல். பிஸ்டனை உந்துதண்டு என்றும் ஆடுதண்டு என்றும் நூல்கள் குறிக்கின்றன. கிராங்கிற்கு வணரி என்றும் வளைவச்சு என்றும் பெயர்கள் உள்ளன. ஒரே நூலாசிரியர் இரு இயல்களில் இரு சொற்களைக் கையாள்வதும் உண்டு. இக்கட்டுரை பட்டறையிலும் பாலிடெக்னிக் வகுப்பறையிலும் ஒருங்கே வழங்கும் பிஸ்டன், கிராங்க், வால்வு, கேம் ஆகிய சொற்களையே கொள்கிறது. இணைப்புத் தண்டு, சுருள்வில், தாங்கி போன்று தமிழில் நிலைபெற்ற சொற்கள் அவ்வாறே ஆளப்படுகின்றன.

எந்திரத்தின் திறனைக் கூட்ட மூன்று வழிகள் உள்ளன: கொள்ளளவைப் பெருக்குதல், ஒவ்வொரு எரிப்பிலும் கிடைக்கும் அழுத்தத்தைக் கூட்டுதல், ஒரு நிமிடத்தில் நிகழும் எரிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுதல். பந்தய விதிகளோ வரிவிதிப்போ கொள்ளளவுக்கு வரம்பிடும்போது மற்ற இரண்டே எஞ்சுகின்றன. மூன்றாம் வழியான சுழற்சி வேகமே இக்கட்டுரையின் களம். அவ்வழியில் செல்பவரைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் எரிப்பின் வெடிவிசை அன்று. உறுப்புகளின் சொந்த எடையே.

சுழற்சி வேகமும் நிலைம விசையும்

பிஸ்டன் மேல் நிலையில் ஒரு கணம் நின்று, கீழிறங்கி, மீண்டும் நின்று மேலேறுகிறது. ஒவ்வொரு முறையும் அதனை நிறுத்துவதும் திருப்புவதும் இணைப்புத் தண்டின் வேலை. மேல் நிலையில் பிஸ்டனின் முடுக்கம், கிராங்கின் ஆரத்தைக் கோண வேகத்தின் இருமடியால் பெருக்கி, அதனுடன் ஆரத்திற்கும் தண்டின் நீளத்திற்கும் உள்ள விகிதத்தால் வரும் ஒரு சிறு மிகையைச் சேர்த்தால் கிடைக்கும். இங்கே கருத வேண்டியது ‘இருமடி’ என்னும் சொல். 8,000 சுழற்சியிலிருந்து 9,000 சுழற்சிக்கு வேகத்தை உயர்த்தினால் உயர்வு எட்டில் ஒரு பங்குதான். விசையோ கால் பங்குக்கும் சற்று மேலாகக் கூடுகிறது. கியரைத் தவறாக மாற்றிய ஓட்டுநர் 9,000 சுழற்சிக்கான எந்திரத்தை ஒரு நொடி 11,000-க்குத் தள்ளிவிட்டால் தண்டின் மீதான இழுவிசை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். எரிபொருளை நிறுத்தினாலும் இவ்விசை குறையாது.

1999-இல் வெளிவந்த ஹோண்டா எஸ்2000 காரின் இரண்டு லிட்டர் எந்திரம் 87 மி.மீ. துளையும் 84 மி.மீ. வீச்சும் உடையது, அதன் சுழற்சி வரம்பு 9,000. இவ்வேகத்தில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 25.2 மீட்டர். 2006-இல் ஃபார்முலா 1 விதிகள் 2.4 லிட்டர் கொள்ளளவும் எட்டு உருளைகளும் 98 மி.மீ.க்கு மிகாத துளையும் கொண்ட எந்திரத்தைக் கட்டாயமாக்கின. 2007-இல் சுழற்சி வேகத்திற்கு 19,000 என வரம்பிடப்பட்டது. துளை முழு அளவில் அமைந்தால் வீச்சு சற்றேறக்குறைய 39.8 மி.மீ.; 19,000 சுழற்சியில் சராசரிப் பிஸ்டன் வேகம் இங்கும் நொடிக்கு 25.2 மீட்டர்தான். கடையில் வாங்கக்கூடிய காரும் உலகின் மிக விலையுயர்ந்த பந்தய எந்திரமும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன.

ஆனால் முடுக்கத்தைக் கணக்கிட்டால் இவ்வொற்றுமை மறைந்துவிடுகிறது. தண்டின் நீளம் ஆரத்தைப் போல் ஏறத்தாழ 3.6 மடங்கு எனக் கொண்டால் எஸ்2000-இன் பிஸ்டன் மேல் நிலையில் பெறும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 4,850 மடங்கு. ஐந்து மடங்கு நீளமுள்ள தண்டு எனக் கொண்டால் பந்தய எந்திரத்தில் அது சுமார் 9,600 மடங்கு. எடுத்துக்காட்டாக, பிஸ்டனும் பின்னும் வளையங்களும் சேர்ந்து 400 கிராம் என வைத்துக்கொண்டால், முதல் எந்திரத்தில் தண்டை இழுக்கும் விசை 19,000 நியூட்டன். அதாவது சிறு கார் ஒன்றின் எடையைக் காட்டிலும் மிகுதி. இரண்டாவதில் எடையை 300 கிராமாகக் குறைத்த பின்னும் 28,000 நியூட்டனைத் தாண்டுகிறது. சராசரிப் பிஸ்டன் வேகத்தை மட்டும் கொண்டு எந்திரத்தின் ‘கடுமையை’ அளவிடும் பழக்கம் பாடநூல்களில் உண்டு. உராய்வையும் தேய்மானத்தையும் ஒப்பிட அது பயன்படும்; முறிவை மதிப்பிட அது போதாது.

இந்த இழுவிசை மிகக் கடுமையாக அமைவது புகை வெளியேறும் வீச்சின் முடிவில். அழுத்த வீச்சின் முடிவில் பிஸ்டனின் தலைமேல் வளிம அழுத்தம் இருப்பதால் நிலைம விசையின் ஒரு பகுதி ஈடு செய்யப்படுகிறது. வெளியேற்றத்தின் முடிவிலோ வால்வுகள் திறந்திருக்கும். ஈடு செய்ய ஒன்றும் இராது. ஆகவே இணைப்புத் தண்டு எரிப்பின்போது அமுக்கத்தையும் அடுத்த சுழற்சியில் முழு இழுப்பையும் மாறி மாறிப் பெறுகிறது. 9,000 சுழற்சியில் இம்மாற்றம் மணிக்கு 2,70,000 முறை நிகழும்.

ஒப்பு விறைப்பு: வேறுபடாத ஒரு விகிதம்

பொருளின் மீட்சிக் குணகத்தை அதன் அடர்த்தியால் வகுத்தால் கிடைப்பது ஒப்பு விறைப்பு. எஃகின் குணகம் சுமார் 205 கிகாபாஸ்கல், அடர்த்தி 7.85; விகிதம் 26. 6% அலுமினியமும் 4% வனேடியமும் சேர்ந்த டைட்டானியக் கலவைக்கு 114-ஐ 4.43-ஆல் வகுக்க 26. பிஸ்டனுக்குரிய 2618 வகை அலுமினியக் கலவைக்கு 73-ஐ 2.76-ஆல் வகுக்க மீண்டும் 26. மக்னீசியக் கலவைகள் 25-ஐ ஒட்டி நிற்கின்றன. மாணவர்கள் இவ்வெண்களைத் தாமே வகுத்துப் பார்க்கும்போது கணிப்பானை ஐயுறுவது இயல்பே.

இதன் பொருள் யாது? இழுவிசைக்கு உட்பட்ட எஃகுத் தண்டு ஒன்றை அதே குறுக்குப் பரப்புடைய டைட்டானியத்தால் மாற்றினால் எடை 44% குறையும். ஆனால் அதே விசைக்கு அது 1.8 மடங்கு நீளும். பழைய அளவே நீள வேண்டுமாயின் குறுக்குப் பரப்பை 1.8 மடங்காக்க வேண்டும். எடை பழைய இடத்திற்கே வந்துவிடும். விறைப்பே கட்டுப்படுத்தும் காரணியாக இருக்கும் நேர் இழுப்பில் பொருள் மாற்றத்தால் ஆதாயம் ஏதுமில்லை.

ஆதாயம் பிறப்பது வளைவிலும் நெளிவிலும்தான். நெடிய தண்டு அமுக்கத்தில் நெளியாமல் நிற்பதற்கு மீட்சிக் குணகத்தின் இருமடி மூலத்தை அடர்த்தியால் வகுத்த அளவும், தகடு வளையாமல் நிற்பதற்கு மும்மடி மூலத்தை அடர்த்தியால் வகுத்த அளவும் பொருந்தும். பொருள் தெரிவை இவ்வாறு குறியெண்களால் முறைப்படுத்தியவர் கேம்பிரிட்ஜின் மைக்கேல் ஆஷ்பி. எஃகை 1 எனக் கொண்டால், தண்டுக்கான குறியெண்ணில் டைட்டானியம் 1.3, அலுமினியம் 1.7, தகட்டுக்கான குறியெண்ணில் டைட்டானியம் 1.5, அலுமினியம் 2. பிஸ்டனின் தலைப்பகுதி வளிம அழுத்தத்தைத் தாங்கும் ஒரு தகடு. அது அலுமினியமாக இருப்பதற்கும், இணைப்புத் தண்டில் டைட்டானியம் இடம் தேடுவதற்கும் இவ்வெண்கள் ஒரு பகுதி விளக்கம் தருகின்றன.

மறு பகுதி வெப்பம். பிஸ்டன் தலை பெறும் வெப்பம் வளையங்கள் வழியே உருளைச் சுவருக்கும், கீழிருந்து பீய்ச்சப்படும் எண்ணெய்க்கும் செல்ல வேண்டும். அலுமினியக் கலவைகளின் வெப்பக் கடத்துத்திறன் எஃகைப் போல் மூன்று, நான்கு மடங்கு. டைட்டானியமோ எஃகினும் பன்மடங்கு தாழ்ந்தது. டைட்டானியப் பிஸ்டன் என்பது தன் தலையிலேயே வெப்பத்தைச் சுமந்து நிற்கும் பிஸ்டன். எனவே எடையில் கவர்ச்சியுடையதாயினும் அது இவ்விடத்திற்கு உரியதன்று.

பிஸ்டன்: கலவையும் வடிவமும்

முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் உருவான ‘ஒய்’ கலவை, அலுமினியத்துடன் 4% செம்பு, 2% நிக்கல், 1.5% மக்னீசியம் சேர்ந்தது. உயர் வெப்பநிலையிலும் வலிமையை இழக்காதிருப்பதே அதன் நோக்கம். அதன் வழிவந்த கலவைகள் ரோல்ஸ்-ராய்ஸ் வானூர்தி எந்திரங்களில் வளர்ந்தன. அவற்றுள் ஒன்றான ஆர்.ஆர்.58 பின்னர் கான்கார்ட் வானூர்தியின் மேற்புறத் தகடாயிற்று. ஒலியினும் விரைந்து பறக்கையில் சூடாகும் வானூர்தித் தோலும் எந்திரப் பிஸ்டனும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது பொருளறிவியல் தரும் சுவையான செய்திகளுள் ஒன்று. இன்று பந்தயப் பிஸ்டன்களுக்கு வழங்கும் 2618 கலவையும் இக்குடும்பத்ததே.

இதற்கு மாற்று, சுமார் 12% சிலிக்கான் கொண்ட 4032 கலவை. சிலிக்கான் வெப்ப விரிவைக் குறைக்கிறது, தேய்மானத்தையும் தடுக்கிறது. ஆதலால் உருளைக்கும் பிஸ்டனுக்கும் இடையே குறைந்த இடைவெளி விட்டால் போதும். குளிர்ந்த எந்திரத்தை முடுக்கும்போது பிஸ்டன் சுவரில் மோதும் ஒலியும் எழாது. 2618 மிகுதியாக விரியும். அதற்கேற்ப இடைவெளியும் மிகுதி. ஆனால் அது முறிவெதிர்ப்பு மிக்கது. முறையற்ற வெடிப்பெரிப்பு நேர்ந்தால் சிலிக்கான் மிகுந்த கலவை விரிசல் விட்டு உடைய, 2618 நசுங்கி வளைந்து சிறிது காலம் தாக்குப்பிடிக்கும். ஆண்டுக்கணக்கில் அமைதியாக ஓட வேண்டிய வண்டிக்கு முதலாவதும், ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் பிரித்துப் பார்க்கப்படும் எந்திரத்திற்கு இரண்டாவதும் பொருந்தும். சாலை வண்டியில் பந்தயப் பிஸ்டனைப் பொருத்திவிட்டுக் காலை நேரத் தட்டொலிக்குக் காரணம் தேடும் ஆர்வலர்கள் எங்கும் உளர்.

வடிவத்தைப் பொறுத்தவரை, கடந்த அரை நூற்றாண்டில் பிஸ்டன் குட்டையாகிக்கொண்டே வந்துள்ளது. பாவாடைப் பகுதி, பக்க உந்தலைத் தாங்கும் இரு புறங்களில் மட்டும் எஞ்ச, மற்ற இரு புறங்கள் வெட்டி நீக்கப்பட்டன. பின்னைத் தாங்கும் இரு புடைப்புகளும் நெருங்கி வந்தன. புடைப்புகள் நெருங்கினால் பின் குறுகும். குறுகிய பின் வளைவது குறைவு. எனவே அதன் சுவரையும் மெலிதாக்கலாம். ஓரிடத்தில் குறைத்த எடை மற்றோரிடத்தில் எடைக் குறைப்புக்கு வழி திறக்கும் இத்தொடர்விளைவே எந்திர வடிவமைப்பாளரின் உண்மையான வருவாய். வளையங்களும் மெலிந்தன. தடித்த வளையம் உயர் வேகத்தில் தன் நிலைமத்தாலேயே பள்ளத்தின் அடிப்பரப்பை விட்டு எழும்பி, வளிமத்தைக் கசியவிடும்.

டீசல் எந்திரங்களில் காற்று திசை மாறி வீசுகிறது. உருளை அழுத்தமும் வெப்பமும் அலுமினியத்தின் எல்லையைத் தொட்டதால் கனரக எந்திரங்களில் எஃகுப் பிஸ்டன் வேரூன்றிவிட்டது. 2014-இல் மெர்சிடிஸ் அதனைப் பயணியர் காரின் டீசல் எந்திரத்திற்கும் கொணர்ந்தது. அடர்த்தி மும்மடங்காயினும் சுவர்களை மெலிதாகவும் உயரத்தைக் குறைவாகவும் அமைக்க முடிவதால் எடை மும்மடங்காவதில்லை.

பெரிலியம்: திறந்து மூடப்பட்ட ஒரு கதவு

ஒப்பு விறைப்பின் 26 என்னும் தளையை அறுக்கும் உலோகம் ஒன்று உண்டு. 62% பெரிலியமும் 38% அலுமினியமும் சேர்ந்த கலவையின் மீட்சிக் குணகம் சுமார் 193 கிகாபாஸ்கல், எஃகுக்கு நிகர். அடர்த்தியோ 2.1; அலுமினியத்தினும் குறைவு. ஒப்பு விறைப்பு 90-ஐத் தாண்டுகிறது. தகட்டுக்கான குறியெண்ணில் அது எஃகைப் போல் 3.7 மடங்கு. வெப்பத்தையும் நன்கு கடத்துகிறது. பிஸ்டனுக்கென்றே படைக்கப்பட்டது போன்ற பொருள். 1990-களின் இறுதியில் இல்மோர் நிறுவனம் உருவாக்கிய மெர்சிடிஸ் பந்தய எந்திரங்களில் இது பிஸ்டனாகப் பயன்பட்டது.

2001 முதல், ஒப்பு விறைப்பு 40-க்கு மேற்பட்ட உலோகப் பொருள்கள் ஃபார்முலா 1 எந்திரங்களில் தடை செய்யப்பட்டன. வரம்பு எண்ணின் தெரிவு கவனிக்கத்தக்கது. பெரிலியத்தின் பெயரைச் சொல்லாமலேயே அது பெரிலியத்தை வெளியேற்றுகிறது. அதே வேளையில் கால் பங்கு அளவு சிலிக்கான் கார்பைடு துகள்கள் கலந்த அலுமினியம் 40-ஐச் சற்றே தொடுமாறு இடம் விடுகிறது. அவ்விடமும் நிலைக்கவில்லை. 2006 விதிகள் துகள் கலந்த கூட்டுப்பொருள்களை விலக்கி, பிஸ்டனுக்கு அலுமினியக் கலவை, கிராங்கிற்கும் கேம் தண்டிற்கும் இரும்புசார் கலவை என வரையறுத்துவிட்டன.

பந்தயச் செலவைக் கட்டுப்படுத்தும் அரசியல் இதில் இருந்தது என்பது மெய்யே. எனினும் பெரிலியத்தின் தீங்கு கற்பனையன்று. திண்மமான பெரிலியப் பிஸ்டனைக் கையில் எடுப்பவர்க்கு இடரில்லை. அதனைக் கடைந்து, அராவி, மெருகிடும் தொழிலாளியின் நுரையீரலில் நுண்தூசி தங்கினால், பல ஆண்டுகள் கழித்தும் நாட்பட்ட பெரிலிய நோய் தோன்றலாம். முற்றிலும் தீர்க்கும் மருத்துவம் அதற்கு இல்லை. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அமைப்பு 2017-இல், பணியிடக் காற்றில் பெரிலியத்தின் வரம்பை ஒரு கனமீட்டருக்கு 2 மைக்ரோகிராமிலிருந்து 0.2 மைக்ரோகிராமாகக் குறைத்தது. பொருள் தெரிவு பற்றிய நம் பாடத்திட்டங்களில் வலிமை, விலை, கிடைக்கும் தன்மை ஆகியவற்றுக்கு இயல்கள் உள்ளன. கடைசல் எந்திரத்தின் முன் நிற்பவரின் மூச்சுக்கு ஒரு பத்திகூட இருப்பதில்லை. இது குறை என்றே இக்கட்டுரையாசிரியர் கருதுகிறார்.

இணைப்புத் தண்டு

1990-இல் வெளிவந்த ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். கார், தொகுதி உற்பத்தியில் டைட்டானிய இணைப்புத் தண்டை முதலில் கையாண்டது. அதன் வீச்சு 78 மி.மீ., வரம்பு 8,000 சுழற்சி; சராசரிப் பிஸ்டன் வேகம் நொடிக்கு 20.8 மீட்டர். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் அதே நிறுவனம் எஸ்2000-இல் 25 மீட்டரைத் தாண்டியபோது எஃகுத் தண்டையே பயன்படுத்தியது. மேலோட்டமாக நோக்கின் இது பின்னடைவு. உண்மையில் இது பொருளின் மெய்யான இடத்தைக் காட்டுகிறது.

டைட்டானியக் கலவையின் இழுவலிமை சுமார் 950 மெகாபாஸ்கல். 4340 வகை நிக்கல்-குரோமியம்-மாலிப்டினம் எஃகைப் பக்குவப்படுத்தி 1,250 மெகாபாஸ்கலுக்குக் கொணரலாம். சிலிக்கான் சேர்ந்த 300எம் எஃகு 1,900-ஐத் தாண்டும். வலிமையை அடர்த்தியால் வகுத்தால் முறையே 214, 159, 250-க்கு அருகில் அமையும். சாதாரண எஃகைக் காட்டிலும் டைட்டானியம் சிறந்தது. மிகச்சிறந்த எஃகு டைட்டானியத்தினும் சிறந்தது. பின்னதற்குரிய விலை, கீறலுக்கும் அரிப்புக்கும் அஞ்சும் அதன் இயல்பு. மேற்பரப்பில் ஒரு கருவியின் தடம் இருந்தாலும் களைப்பு விரிசல் அங்கே தொடங்கும்.

மேலும் தண்டின் இரு பகுதிகள் இரு வேறு நியதிகளுக்கு உட்பட்டவை. நடுத்தண்டு நெளிவுக்கும் களைப்புக்கும் ஈடுகொடுக்க வேண்டும். அங்கே டைட்டானியம் ஆதாயம் தரும். கிராங்கைப் பற்றியிருக்கும் பெரிய முனையோ வட்டம் கெடாமல் இருக்க வேண்டும். இழுப்பின்போது அவ்வளையம் நீள்வட்டமாகி, பக்கவாட்டில் ஒடுங்கி, தாங்கியின் எண்ணெய்ப் படலத்தைக் கிழித்துவிடும். இங்கே விறைப்பே அரசு. டைட்டானியத்தின் குணகம் எஃகில் பாதியைச் சற்றே கடந்தது. ஆகவே பெரிய முனையைத் தடிப்பாக்க வேண்டியிருக்கிறது. சேமித்த எடையில் ஒரு பங்கு அங்கே திரும்பிச் செல்கிறது. டைட்டானியம் மற்றோர் உலோகத்துடன் உரசும்போது ஒட்டிப் பிய்ந்துகொள்ளும் இயல்புடையது. எனவே பக்க முகங்களுக்கு மாலிப்டினம் அல்லது குரோமியம் நைட்ரைடு பூச்சும் தேவை.

அலுமினியத் தண்டும் உண்டு. அமெரிக்க இழுவைப் பந்தயங்களில் நான்கு வினாடிகளுக்குள் முடிந்துவிடும் ஓட்டங்களுக்கு அதுவே வழக்கம். திடீர் வெடிவிசையின் அதிர்ச்சியைத் தன் நெகிழ்வால் தாங்கித் தாங்கியைக் காக்கிறது என்பது அதன் சிறப்பு. ஆனால் எஃகிற்குக் களைப்பு எல்லை உண்டு; அவ்வெல்லைக்குக் கீழான தகைவை அது எண்ணற்ற முறை தாங்கும். அலுமினியத்திற்கு அத்தகைய எல்லை இல்லை. வலிமை மிக்க 7075 கலவைகூடப் பல கோடிச் சுழற்சிகளுக்குப் பின் 160 மெகாபாஸ்கல் அளவிற்கே நம்பத்தக்கது. நான்கு வினாடிக்கு உகந்த பொருள் இருபத்துநான்கு மணி நேர லெமான் பந்தயத்திற்கு உகந்ததன்று. ஆயுள் குறிப்பிடப்படாத பொருள் தெரிவு பொருளற்றது.

தண்டைக் காட்டிலும் அடிக்கடி எந்திரத்தைக் காவு வாங்குவது அதன் போல்ட். பெரிய முனையின் மூடியைப் பிணைக்கும் இவ்விரு ஆணிகளில் ஒன்று அறுந்தால் தண்டு எந்திரச் சட்டத்தையே துளைத்து வெளிவரும். இங்கே வலிமையினும் முதன்மையானது முன்னிறுக்கம். 9 மி.மீ. போல்ட் ஒன்றின் பயனுறு பரப்பு சுமார் 50 சதுர மி.மீ.; அதனை 900 மெகாபாஸ்கல் தகைவுக்கு இறுக்கினால் 45,000 நியூட்டன் பிடிவிசை கிடைக்கும். மூடியைப் பிரிக்க முயலும் நிலைம விசை ஆணி ஒன்றுக்கு 12,000 அல்லது 13,000 நியூட்டன் எனில், இணைப்பு முகங்கள் ஒருபோதும் பிரிவதில்லை. முகங்கள் பிரியாதவரை, ஏறி இறங்கும் சுமையின் பெரும்பகுதியை அமுங்கியிருக்கும் முகங்களே ஏற்கின்றன. போல்ட் உணர்வது சிறு பங்கே. இறுக்கம் தளர்ந்த போல்ட் முழுச் சுமையையும் ஒவ்வொரு சுழற்சியிலும் தானே சுமந்து களைத்து அறும். அறுந்த போல்ட்டைக் கண்டு ‘மிகையாக இறுக்கியதால் அறுந்தது’ எனத் தீர்ப்பளிப்பது எளிது. முறிந்த முகத்தில் கடற்கரை மணல் வரிகள் போன்ற களைப்புக் கோடுகள் இருப்பின் காரணம் பெரும்பாலும் நேர் எதிரானது.

முறுக்குத் திருகியால் இடும் முறுக்கில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே போல்ட்டை நீட்டுகிறது. எஞ்சியது தலையடியிலும் மரையிலும் உராய்வாகக் கழிகிறது. உராய்வு எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். ஆகவே உயர்திறன் எந்திரங்களில் போல்ட் எவ்வளவு நீண்டது என்பதை நுண்ணளவியால் அளந்து இறுக்குவதே ஏற்புடைய முறை.

மேற்பரப்பு

களைப்பு விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பில் பிறக்கிறது. இழுவிசைத் தகைவே அதனைத் திறக்கிறது. எனவே மேற்பரப்பை முன்கூட்டியே அமுக்கத்தில் வைத்துவிட்டால் விரிசலுக்கு வாயில் அடைபடும். சிறு எஃகுக் குண்டுகளைப் பரப்பின் மீது பொழியச் செய்யும் முறை இதற்கென வளர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தின் ஜான் ஆல்மென் இதனை அளவிடத்தக்க தொழில்நுட்பமாக்கினார். மெல்லிய எஃகுப் பட்டையின் ஒரு புறத்தில் குண்டு பொழிந்து, அது எவ்வளவு வளைகிறது எனக் காணும் ஆல்மென் பட்டை இன்றும் வழக்கில் உள்ளது. கிராங்க் தண்டிற்கு நைட்ரைடாக்கம் அதே பணியைச் செய்கிறது. சுமார் 500 பாகையில் நைட்ரஜன் உட்புகுந்து பரப்பைக் கடினமாக்கி அமுக்கத்தில் வைக்கிறது. திடீர்க் குளிர்ப்பு இன்மையால் தண்டு கோணுவதில்லை.

உருளைச் சுவரில் பூச்சே பொருளாகிறது. நிக்கலில் சிலிக்கான் கார்பைடு துகள்கள் பதிந்த நிக்கசில் பூச்சை மாலே நிறுவனம் 1960-களில் உருவாக்கியது. அலுமினிய உருளைக்கு இரும்பு உறை தேவையில்லாமற் போயிற்று. எடையும் வெப்பத் தடையும் நீங்கின. 1990-களில் பி.எம்.டபிள்யூ. கார்களில் இப்பூச்சு பரவலாகப் பயன்பட்டபோது, கந்தகம் மிகுந்த பெட்ரோல் விற்ற நாடுகளில் பூச்சு அரிக்கப்பட்டு உருளைகள் கெட்டன. ஆய்வுக்கூடத்தில் குறையேதும் காட்டாத பொருள் எரிபொருள் நிலையத்தில் தோற்றது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பெட்ரோலின் கந்தக அளவு பத்து இலட்சத்தில் பத்துப் பங்காகக் கட்டுப்படுத்தப்பட்டிருப்பது காற்றுத் தூய்மைக்காக. அதன் பக்கவிளைவாக எந்திர வடிவமைப்பாளரின் தெரிவுப் பட்டியலும் விரிந்திருக்கிறது.

வால்வும் அதனை மூடும் விசையும்

வெளியேற்று வால்வின் தலை செந்தழல் நிறத்தில் வேலை செய்கிறது. அது தன் வெப்பத்தை, மூடியிருக்கும் சிறு பொழுதில் இருக்கைக்கும், தண்டின் வழியே வழிகாட்டிக் குழலுக்கும் கடத்த வேண்டும். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சாமுவேல் ஹெரான் 1920-களில் இதற்கு அளித்த தீர்வு எளிமையானது: தண்டினுள் குழிவு அமைத்து, அதில் பாதிக்குச் சற்று மேலாகச் சோடியம் இட்டு அடைத்தல். சோடியம் 98 பாகையில் உருகும். 883 பாகை வரை கொதிக்காது. வால்வு மேலும் கீழும் துள்ளும்போது உருகிய சோடியமும் துள்ளி, தலையில் வெப்பத்தை ஏற்றுத் தண்டில் இறக்குகிறது. இரண்டாம் உலகப் போரின் மெர்லின் எந்திரத்திலும் இவ்வகை வால்வு இருந்தது. உறுப்பைக் குடைந்து குளிர்விக்கும் இவ்வழி எடையையும் குறைத்தது என்பது கூடுதல் நன்மை.

வெளியேற்று வால்வுக்கு இன்று 21% குரோமியமும் 4% நிக்கலும் நைட்ரஜனும் கொண்ட எஃகோ, நிக்கல்சார் மீக்கலவையோ பயன்படுகிறது. உள்ளிழு வால்வு குளிர்ந்த காற்றால் காக்கப்படுவதால் டைட்டானியத்தை ஏற்கும். 1998-இல் டொயோட்டா அல்டெஸா காரில், டைட்டானியம் போரைடால் வலுவூட்டித் தூள் உலோகவியல் முறையில் ஆக்கிய டைட்டானிய வெளியேற்று வால்வே இடம்பெற்றது.

வால்வின் எடை குறைவதால் வரும் பயன் சுருள்வில்லுக்குப் போய்ச் சேர்கிறது. கேமின் வடிவத்தை விட்டு வால்வு பறந்துவிடாமல் பிடித்துவைப்பது வில்லின் வேலை. வேகம் கூடக்கூட வில் வலிமையாக வேண்டும். வலிமையான வில் தானே எடை மிக்கது. அதற்குச் சொந்த அதிர்வெண்ணும் உண்டு. கேமின் இயக்கத்தில் உள்ள உயரிசைகளுள் ஒன்று அவ்வதிர்வெண்ணைத் தொட்டால் வில்லின் சுருள்களினூடே அலை ஓடி, பிடிவிசை ஒரு கணம் வீழ்ந்துவிடும். இங்கு வில் கம்பியை எவ்வளவு மேம்படுத்தினாலும் எல்லை ஒன்று உண்டு.

அவ்வெல்லையை இருவர் இரு வழிகளில் கடந்தனர். வில்லையே நீக்கி, திறக்க ஒரு கேமும் மூட ஒரு கேமும் வைப்பது முதல் வழி. மெர்சிடிஸ் தன் டபிள்யூ196 பந்தயக் காரில் 1954-இல் இதனைக் கையாண்டது. 1956-இல் ஃபாபியோ டாலியோனி டுகாட்டியின் 125 சி.சி. பந்தய மோட்டார் சைக்கிளில் இதனை அமைத்தார். அந்நிறுவனம் அதனைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டது. மூடும் கேமுக்கும் நெம்புகோலுக்கும் இடையிலான இடைவெளியை மி.மீ.யின் நூறில் சில பங்கு நுட்பத்தில் பேணியாக வேண்டும் என்பது இதன் சுமை. இரண்டாம் வழி, உலோக வில்லுக்கு மாற்றாக அழுத்தமூட்டிய நைட்ரஜன். ரெனோவின் ஜான்-பியேர் பூடி உருவாக்கிய இம்முறை 1986-இல் ஃபார்முலா 1 களத்திற்கு வந்தது. வளிமத்திற்கு எடை புறக்கணிக்கத்தக்கது. சுருள் இல்லாததால் அலையும் இல்லை. அழுத்தம் கசிந்தால் மட்டுமே தோல்வி, அதற்கும் சிறு கொள்கலன் ஒன்றிலிருந்து ஈடு செய்யலாம். 19,000 சுழற்சிக்கு வழி திறந்தது புதிய எஃகோ புதிய கலவையோ அன்று. வில்லின் வேலையை உலோகத்திடமிருந்து வாங்கி வளிமத்திடம் ஒப்படைத்த வடிவமைப்பு முடிவே.